முதலில் ஆர்டர், அப்புறம் மெஷின்: காசும் அனுபவமும் இல்லாமல் ஒரு யோசனையைத் தொழிலாக்குவது எப்படி?

"யோசனை அருமையாக இருக்கிறது, ஆனால் போட முதல் இல்லை, அந்தத் தொழிலும் தெரியாது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் அப்படிச் சொல்கிறார்கள். ஷெட் வாடகை, அட்வான்ஸ், மெஷின், கரண்ட் கனெக்‌ஷன், நாலு ஆள், மூன்று மாதச் சம்பளம். கூட்டினால் பத்துப் பதினைந்து லட்சத்தில் வந்து நிற்கும். அதோடு யோசனையை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு கம்பெனி நடத்துவதற்கான கணக்கு. இந்தப் பொருளை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று பார்ப்பதற்கான கணக்கு வேறு. அது சில ஆயிரங்களில் முடிந்துவிடும். முதலில் போடவேண்டியது அந்தச் சின்னக் கணக்கைத்தான்.

கொங்கு நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. இங்கே பெரும்பாலான தொழில்கள் துண்டு துண்டாகப் பிரிந்து, கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. திருப்பூரில் ஒரு டி-சர்ட் கடைக்குப் போவதற்குள் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், பிரிண்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஒவ்வொன்றும் ஒரு தனி முதலாளி, தனி ஷெட். எல்லாமே ஜாப் ஒர்க். காஜா (பட்டன் துளை) எடுத்து பட்டன் வைத்துக் கொடுப்பதற்கு மட்டுமே தனி யூனிட்டுகள் இருக்கின்றன.

கோவையும் அப்படித்தான். கணபதி பக்கம் நடந்தால் லேத் பட்டறை, மில்லிங், கிரைண்டிங், பவுடர் கோட்டிங் என்று வரிசையாக வரும். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தக் கிரைண்டரின் கல் ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து வருகிறது, மோட்டார் ஒரு பட்டறையில், டிரம் இன்னொரு பட்டறையில். பெயர் ஒட்டி விற்பவர் பல நேரம் இவற்றைச் சேர்த்து மாட்டுபவர்தான். காங்கேயத்தில் எண்ணெய் ஆட்டித் தர ஆள் உண்டு. ஈரோட்டில் மஞ்சள் அரைத்துத் தர ஆள் உண்டு.

ஆக, மெஷினும் அதை ஓட்டத் தெரிந்த கையும் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கின்றன, பீஸ் ரேட்டுக்குக் கிடைக்கின்றன. புதிதாக வருபவர் கொண்டுவர வேண்டியது ஒன்றுதான்: ஆர்டர். யாருக்கு வேண்டும், என்ன வேண்டும், எவ்வளவு கொடுப்பார்கள் என்ற விவரம் கையில் இருந்தால் மற்றதை வாடகைக்கு எடுக்கலாம். அந்த விவரம் இல்லாமல் மெஷின் வாங்கியவர்களின் ஷெட்டுகள்தான் ஊர் ஊருக்குப் பூட்டிக் கிடக்கின்றன.

ஒரு உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். பல்லடம் பக்கம் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்குப் பக்கவாதம், இடது கை அசையாது. தினமும் நைட்டி மாற்றுவதற்குள் இரண்டு பேருக்கும் உயிர் போகிறது. அசையாத கையைத் தூக்கி ஸ்லீவுக்குள் நுழைப்பது அவ்வளவு கஷ்டம். ஒரு நாள் அவர் பழைய நைட்டி ஒன்றின் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பக்கத்தை வெட்டி, வெல்க்ரோ வைத்துத் தைக்கிறார். இப்போது படுத்த வாக்கிலேயே போர்த்தி ஒட்டிவிடலாம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இதைய வித்தா நல்லாப் போகுமே கண்ணு" என்கிறார். இதுதான் யோசனை. அந்தப் பெண்ணுக்கு பனியன் கம்பெனி வேலை தெரியாது. கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கலாம்.

கேட்பது எப்படி

முதல் வேலை தைப்பது அல்ல, கேட்பது. ஆனால் கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களிடம் ஒரு பொருளைக் காட்டி "எப்படீங்க இருக்குது?" என்றால், "நல்லா இருக்குதுங்க" என்றுதான் பதில் வரும். முகத்துக்கு நேரே நல்லாயில்லை என்று சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. அந்தப் பதிலை நம்பி நூறு பீஸ் அடித்தால் வீட்டுப் பரணில்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

அதனால் பொருளைப் பற்றிக் கேட்காமல் அவர்கள் படும் பாட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். படுக்கையில் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள், பிசியோதெரபி பார்ப்பவர்கள், வீட்டுக்கு வந்து நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ்கள், முதியோர் இல்லம் நடத்துபவர்கள். இவர்களில் பத்துப் பதினைந்து பேரைப் போய்ப் பார்க்கலாம். இப்போது என்ன உடுத்துகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறீர்கள், மாற்ற எத்தனை பேர் வேண்டும், இதற்காக ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா, என்ன விலை கொடுத்தீர்கள், ஏன் அதை விட்டுவிட்டீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலில் மரியாதைப் பேச்சு கலக்காது, ஏனென்றால் எல்லாம் நடந்து முடிந்த விஷயம்.

இப்படிக் கேட்டால்தான் வீட்டுக்குள் உட்கார்ந்து யோசித்தால் வராத விஷயங்கள் வெளியே வரும். வெல்க்ரோவில் துவைக்கும்போது நூல் பிசிறு எல்லாம் ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நாளில் பிடிக்காது, அதன் சொரசொரப்பான விளிம்பு வயதானவர்களின் மெல்லிய தோலை உரசிவிடும். இதை ஒரு நர்ஸ் சொல்வார். பட்டன் வைக்கலாம் என்றால், முதுகுப் பக்கம் எதுவும் உறுத்தக்கூடாது, நாள் முழுக்கப் படுத்திருப்பவர்களுக்கு அந்த இடத்தில் படுக்கைப்புண் வந்துவிடும் என்று அவரே சொல்வார். உடுத்தும்போது அசையாத கைக்கு முதலில் போடணும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்கணும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அப்படியென்றால் எந்தக் கை அசையாதோ அந்தப் பக்கம் திறப்பு வேண்டும். இடது திறப்பு, வலது திறப்பு என்று இரண்டு மாடல் ஆகிறது. பொருள் இங்கேதான் உருவாகிறது, அதுவும் ஒரு ரூபாய் செலவில்லாமல்.

இந்தப் பேச்சின் கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: "இப்படி ஒண்ணு தைச்சுக் கொடுத்தா வாங்குவீங்களாங்க? எரநூறு ரூபா அட்வான்ஸ் கொடுத்தீங்கன்னா அளவு எடுத்துட்டுப் போறனுங்க." கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். பாராட்டு எவ்வளவு வந்தாலும் அது ஆர்டர் ஆகாது, இருநூறு ரூபாய் கை மாறினால்தான் ஆர்டர். பதினைந்து பேரில் எட்டுப் பேர் கொடுத்தால் யோசனைக்கு உயிர் இருக்கிறது. ஒருவர்கூடக் கொடுக்கவில்லை என்றால் விலையோ, பொருளோ, நாம் போய்ப் பார்த்த ஆட்களோ சரியில்லை. அது இப்போதே தெரிந்துவிட்டதே, ஷெட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் எவ்வளவு போயிருக்கும்?

தொழில் தெரியாது என்பதைப் பற்றி

தொழில் தெரியாது என்று சொல்லும்போது ஒரு பெரிய மலையே முன்னால் நிற்பதுபோல் தோன்றும். கிட்டப்போய்ப் பார்த்தால் அது சில கேள்விகள்தான். நைட்டி விஷயத்தில் நாலே கேள்வி: எந்தத் துணி, எப்படி வெட்டுவது, எதை வைத்து மூடுவது, யார் தைப்பது.

இதற்குக் கோவையிலேயே நாடறிந்த சான்று ஒருவர் இருக்கிறார், அருணாசலம் முருகானந்தம். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர். மனைவிக்கு மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்து தரவேண்டும் என்று 1998 வாக்கில் இறங்கினார். முதலில் பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார், ஈரம் நிற்கவில்லை. கம்பெனி நாப்கினுக்குள் இருக்கும் அந்த வெள்ளைப் பொருள் என்ன? அவரைக் கட்டிப்போட்டது இந்த ஒரு கேள்விதான். அது மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அது தெரிந்த பிறகு அடுத்த கேள்வி: கோடிக்கணக்கில் விலை சொல்லும் வெளிநாட்டு மெஷின் செய்யும் வேலையைப் பட்டறை மெஷின் செய்யுமா? கூழைப் பிரிப்பது, அழுத்தி வடிவம் கொடுப்பது, சுற்றுவது, கிருமி நீக்குவது என்று வேலையை உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மெஷின் செய்தார். ஏறக்குறைய 65,000 ரூபாயில் அது முடிந்தது. பிறகு நாப்கின் விற்கும் கம்பெனியாக வளரப் பார்க்காமல், மெஷினை மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருடைய கதையில் பலரும் அவமானத்தையும் பிடிவாதத்தையும்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் கேள்வியைச் சின்னதாக்கிய விதம். நாப்கின் தொழில் முழுவதையும் அவர் படிக்கவில்லை. அந்தந்த நேரத்தில் வழியை மறித்த ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவர் தனியாளாகப் பட்ட பாட்டை எல்லோரும் பட வேண்டியதும் இல்லை. பொருள் எதனால் ஆனது என்று சோதித்துச் சொல்ல இங்கேயே இடங்கள் இருக்கின்றன. துணி, நூல் சம்பந்தப்பட்ட சோதனை என்றால் கோவையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா. பம்ப், மோட்டார் என்றால் சிடார்க் என்ற சோதனை மையம். உணவு, விளைபொருள் என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகம். பி.எஸ்.ஜி. கல்லூரியின் தொழில்முனைவோர் பூங்கா, பெருந்துறை கொங்கு பொறியியல் கல்லூரியின் தொழில் காப்பகம் போன்ற இடங்களில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வழிகாட்ட ஆட்கள் உண்டு. பொறியியல் மாணவர்கள் கடைசி ஆண்டில் செய்வதற்கு ஒரு புராஜெக்ட் தேடிக்கொண்டிருப்பார்கள். துறைத் தலைவரைப் போய்ப் பார்த்து, "இப்படி ஒரு மெஷின் வேணுங்க" என்று கேட்டால் பல நேரம் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள்.

நைட்டிக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை. திருப்பூரில் சாம்பிள் டைலர் என்றும் பேட்டர்ன் மாஸ்டர் என்றும் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு முதல் பீஸ் தைத்துக் கொடுப்பதே அவர்கள் வேலை. வெட்டித் தைத்த அந்தப் பழைய நைட்டியைக் கொண்டுபோய்க் காட்டி, கூலி பேசி, ஒரு மாதிரி தைக்கச் சொல்ல வேண்டும். அவர் தைக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். "இந்த எடத்துல ஓவர்லாக் தையல் போட்டா உள்ள தடிச்சு நிக்குங்க, பேட்லாக் தையல் போட்டாத்தான் தட்டையா இருக்கும்" என்று அவர் பேச்சுவாக்கில் சொல்வது, படுக்கையில் கிடப்பவரின் முதுகுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அவருக்குத் தையல் தெரியும், உங்களுக்கு நோயாளியைத் தெரியும். இரண்டும் ஒரே மேஜையில் சந்திக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் இந்தத் தொழிலின் அனுபவம் உண்டாகிற இடம். சாம்பிள் தைத்து வாங்கி வந்துவிட்டால் போதும் என்று ஆளை மட்டும் அனுப்பாதீர்கள்.

இருபது பீஸ்

மாதிரி சரியாக வந்தபின் இருபது பீஸ் தைக்கலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். பெரிய யூனிட்டில் கேட்டால், "ஏனுங்க, இருபது பீசுக்கெல்லாம் லைன் செட் பண்ண முடியாதுங்க" என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நூல் மாற்றி, மெஷின் செட் பண்ணி, டைலருக்குச் சொல்லிக் கொடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். அதனால் நாலைந்து மெஷின் மட்டும் போட்டு ஓட்டும் சின்ன பவர் டேபிள் யூனிட்டாகவோ, வீட்டிலேயே மெஷின் வைத்திருக்கும் அக்காவாகவோ பார்த்துப் பிடிக்க வேண்டும். ரேட்டும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆயிரம் பீஸ் எடுப்பவருக்குச் சொல்லும் ரேட்டை இருபது பீசுக்குக் கேட்டு மல்லுக்கு நிற்பதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்ன யூனிட் முதலாளியின் மனதில் ஓடுவது அந்தக் காசைப் பற்றித்தான். சனிக்கிழமை காலையில் கணக்கு முடித்துக் கையில் காசு கொடுப்பவரின் வேலை, அளவில் சின்னதாக இருந்தாலும் அடுத்த வாரம் முன்னால் வரும்.

இப்போது கணக்கு. எண்கள் புரிவதற்காக மட்டும்தான், அன்றைய ரேட்டை விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். துணி கிலோ 420 ரூபாய், ஒரு கிலோவில் மூன்று பீஸ் வருகிறது என்றால் ஒரு பீசுக்கு 140. கட்டிங்கும் தையலும் 70. வெல்க்ரோவுக்குப் பதில் தோள் பக்கம் வைக்கும் டிச் பட்டன் (அழுத்தி மூடுவது) 20. அயர்ன், பேக்கிங் 10. துணியில் ஓட்டை, கறை, தையலில் தப்பு என்று கழிவதற்கு 20. பஸ், ஆட்டோ, கூரியர் 15. ஆக 275 ரூபாய். இருபது பீசுக்கு 5,500. ஆளுக்கு இருநூறு என்று எட்டுப் பேர் கொடுத்த அட்வான்ஸ் 1,600 போனால், கையிலிருந்து போடவேண்டியது 3,900.

விற்பனை விலை 480 என்று வைப்போம். பிசியோதெரபி சென்டர் மூலம் விற்றால் அவர்களுக்கு 100 கொடுத்து, நமக்கு 380. இருபதும் விற்றால் 7,600 வரும், லாபம் 2,100. பதினாலு மட்டும் விற்றால் 5,320. போட்ட காசில் 180 ரூபாய் குறையும். அதாவது ஆறு பீஸ் விற்காமல் நின்றாலும் குடி முழுகாது. முதல் லாட்டை, அதாவது முதல் தடவை தைக்கும் தொகுதியை, எப்போதும் இப்படித்தான் அமைக்க வேண்டும், தோற்றாலும் வீட்டுச் செலவில் கை வைக்காத அளவுக்கு.

இந்த 2,100 ரூபாயில் அந்தப் பெண்ணின் அலைச்சலுக்குக் கூலி சேர்க்கவில்லை. சேர்த்தால் லாபம் ஒன்றும் மிஞ்சாது. முதல் லாட்டுக்கு அது பரவாயில்லை. இரண்டாவது லாட்டிலிருந்து தன் கூலியையும் அடக்கவிலையில் எழுதியே ஆக வேண்டும். வீட்டுப் பெண்கள் நடத்தும் தொழில்கள் நிறைய, சொந்த உழைப்புக்கு விலை போடாததால் லாபம்போலத் தெரிந்துவிட்டு ஓய்ந்துபோகின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உணவுப் பொருள் யோசனை என்றால் இருபது பாக்கெட்டாக இருந்தாலும் விற்பதற்கு முன்பே உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சின்ன அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், ஆன்லைனிலேயே செய்யலாம். எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதைச் சோதித்துவிட்டுத்தான் தேதி அச்சடிக்க வேண்டும். குத்துமதிப்பாகப் போடக்கூடாது.

காசு எங்கே மாட்டிக்கொள்கிறது

சின்னத் தொழில்கள் நஷ்டத்தால் மூடப்படுவதைவிட, காசு வெளியே மாட்டிக்கொண்டு மூடப்படுவது அதிகம் என்பது என் எண்ணம். லாபம் நோட்டில் இருக்கும், கையில் இருக்காது. நம் பக்கம் ரொட்டேஷன் என்று சொல்வது இதைத்தான். துணிக்குக் காசு இன்று போகிறது, தையலுக்குச் சனிக்கிழமை போகிறது, விற்ற காசு எப்போது வருகிறது? இந்த இடைவெளியைத் தாங்கும் அளவுக்குத்தான் உண்மையில் முதல் வேண்டும். இடைவெளி குறையக் குறையத் தேவையான முதலும் குறையும்.

"பத்து பீஸ் கொண்டு வந்து வைங்க, வித்ததுக்கப்புறம் காசு தர்றேன்" என்று ஒரு கடைக்காரர் சொல்வார். முதல் லாட்டில் அதற்கு இறங்காதீர்கள். அவருக்கு அதில் போட்ட காசு எதுவும் இல்லை என்பதால், பீஸ் மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும். அதற்குப் பதில் "ரெண்டு பீஸ் காசு கொடுத்து எடுத்துக்கங்க, போகலைன்னா திருப்பி எடுத்துக்கறனுங்க" என்று சொல்லிப் பாருங்கள். காசு கொடுத்த பொருளை அவரே எடுத்து எடுத்துக் காட்டுவார்.

பெரிய இடத்துக்குக் கொடுக்கும் நாள் வரும்போது ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக்கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். இதற்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும். அரசு இணையதளத்தில் அந்தப் பதிவு இலவசம். அதேபோலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல ஆயிரம் கேட்கும், ஏமாற வேண்டாம்.

கூட்டாளி சேர்ப்பதும் காசு விஷயம்தான். காசு போடுபவர் ஒருவர், வேலை பார்ப்பவர் ஒருவர் என்று ஒர்க்கிங் பார்ட்னராகச் சேர்ந்து தொடங்குவது இங்கே நீண்ட நாள் வழக்கம். பல நல்ல கம்பெனிகள் அப்படி வந்தவைதான். மாமன் மச்சானுக்குள் எழுத்து எதற்கு என்று விடுவதுதான் ஆபத்து. யார் எவ்வளவு போடுகிறார், மாதம் யார் எவ்வளவு எடுக்கலாம், ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்ற மூன்றையாவது பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தில் பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்தத்தை வைத்து கூட்டாளி மேலேயோ, காசு தராத வெளியாள் மேலேயோ வழக்குப் போடுவது கஷ்டம். கூட்டாண்மையில் தொழிலின் கடன் சொந்தச் சொத்து வரைக்கும் வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

"சொன்னால் யோசனையைத் திருடிவிடுவார்களே" என்ற பயத்தையும் இங்கேயே பேசிவிடலாம். வெறும் யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, செய்முறைக்கும் வடிவமைப்புக்கும்தான். புதிய மெஷின், புதிய செய்முறை என்றால் வெளியே காட்டுவதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடலாம், முழு விண்ணப்பம் தர 12 மாதம் அவகாசம் உண்டு. திறக்கும் நைட்டி மாதிரிப் பொருளுக்கு அது பெரிதாக உதவாது. திருப்பூரில் ஒரு பீசைப் பார்த்தால் மறுநாளே அதேபோல் தைத்துவிடுவார்கள். ஆனால் எந்த நர்ஸ் எந்த அளவு கேட்டார், எந்த இல்லத்தில் மாதம் எத்தனை வேண்டும் என்ற விவரம் தைப்பவர் கையில் இருக்காது. பயந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால் அந்த விவரம் உங்களுக்கும் கிடைக்காது.

கடன் எப்போது

யோசனையை முதல்முறை சோதிக்கக் கடன் வாங்காதீர்கள். அதிலும் மீட்டர் வட்டி, தினவட்டிப் பக்கமே போகக்கூடாது. இரண்டு மூன்று லாட் விற்று, அதே ஆட்கள் திரும்பி வந்து கேட்கிறார்கள், ஆர்டருக்குத் துணி வாங்கக் காசில்லாமல் தள்ளிப்போடுகிறோம் என்ற நிலை வந்தால் அப்போது கடன் பேசலாம். சின்னத் தொழில்களுக்குக் கடன் தர 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு என்ற முதல் பிரிவு 50,000 ரூபாய் வரை, அடமானம் தேவையில்லை. சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்குக் குழுக் கடனும் நல்ல வழி.

மெஷினோடு யூனிட் போடும் கட்டத்துக்கு மானியத் திட்டங்கள் இருக்கின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், 2022-இல் திருத்திய விதிப்படி உற்பத்திக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு போகலாம். பொதுப் பிரிவு ஆண்கள் 10 சதவீதம் சொந்தக் காசு போட வேண்டும், பெண்களும் பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினரும் 5 சதவீதம் போட்டால் போதும். கிராமத்தில் தொடங்கும் சிறப்புப் பிரிவினருக்கு மானியம் 35 சதவீதம். அந்த மானியம் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து கடனில் கழியும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். வாசலில் நின்று "லோன் வாங்கித் தர்றேன், பர்சன்டேஜ் கொடுங்க" என்பவரிடம் போகவே வேண்டாம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தொழிலைத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம்.

மெஷின் எப்போது வாங்குவது என்று தீர்மானிக்க, ஜாப் ஒர்க் பில்லை எடுத்து வைத்துப் பார்த்தால் போதும். மாதம் 300 பீஸ், தையல் கூலி பீசுக்கு 50 என்று குறைந்திருந்தால் மாதம் 15,000 வெளியே போகிறது. பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று, பேட்லாக் மெஷின் ஒன்று வாங்கி, கடன் தவணை, டைலர் கூலி, கரண்ட், ரிப்பேர் எல்லாம் சேர்த்து அதைவிடக் குறைவாக வருகிறதா? ஒரு மாதக் கணக்கில் முடிவெடுக்காதீர்கள். தீபாவளி மாதத்தையும் மந்தமான மாதத்தையும் சேர்த்து ஆறு மாதப் பில் பார்க்க வேண்டும். மந்தமான மாதத்தில் ஜாப் ஒர்க்குக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் சொந்த மெஷினுக்குத் தவணை கட்டியே ஆகவேண்டும். அந்த ஆறு மாதப் பில்லையும், விற்ற காசு கணக்கில் ஏறியதைக் காட்டும் வங்கிப் பாஸ்புக்கையும் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். கடன் கேட்டு வங்கிக்குப் போகும் நாளில், ஆடிட்டர் எழுதிக் கொடுக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு இதையும் மேஜைமேல் வைக்கலாம்.